மூன்று கால் மிஷின்

"பெல்ட்டுதான் அக்கா," என்றான் பெனி, தேய்ந்து கறுத்த ரப்பர் வளையத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி. "வழுக்குது. வேற நோய் ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாரு," என்றாள் சௌனியா.

"பாத்துட்டேன்."

"மோட்டாரு?"

"அது உங்களுக்கும் எனக்கும் அப்புறமும் ஓடும்."

"நேரம் வைக்கிற குமிழ் திருகினா சும்மா சுத்துதே?"

"அது செத்து ஏழு வருஷமாச்சு. நான்தானே நேரா கரண்டு குடுத்து வச்சேன். சுவிட்சைப் போட்டா ஓடும், அணைச்சா நிக்கும். அதுக்கு என்ன குறைச்சல்?"

"கால் ஒண்ணு இல்ல."

பெனி சிரித்துவிட்டான். "அக்கா, வைத்தியம் பாக்கக் கூப்பிட்டீங்களா, செத்துப் போச்சுன்னு சீட்டு எழுதித் தரக் கூப்பிட்டீங்களா?"

சௌனியாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் கூப்பிட்டது என்னவோ இரண்டாவதற்குத்தான். வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

அந்த மிஷினுக்குப் பதினாலு வயது. ஒரு தொட்டியில் துவைக்கும், பக்கத்துத் தொட்டியில் பிழியும். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் துணியைத் தூக்கிப் போட நடுவில் ஒரு மனுஷி வேண்டும். பதினாலு வருஷமாக அந்த மனுஷி சௌனியா. சவாயித் தீவில் சனிக்கிழமை என்றாலே வெள்ளைத் துணிதான். மறுநாள் ஆலயத்துக்குப் புருஷனின் வெள்ளைக் கோட்டு, அவளுடைய நீளச் சட்டையும் பாவாடையும், பாடகர் குழுவின் மேலங்கி எல்லாம் பாலாட்டம் இருக்க வேண்டும். நனைந்த கோட்டைத் தூக்கும்போது மணிக்கட்டில் ஒரு நரம்பு சுண்டும். சுண்டினால் சுண்டட்டும் என்று இருந்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் பாஸ்டர் வீட்டுக்குப் புது மிஷின் வந்தது. துணியைப் போட்டு மூடிவிட்டால் போதும். தானே துவைத்து, அலசி, பிழிந்து, கடைசியில் ஒரு சின்னப் பாட்டும் பாடும். வியாழக்கிழமைதோறும் ஊர்ப் பெண்கள் அந்த வீட்டில் உட்கார்ந்து பாய் பின்னுவார்கள். பாட்டு வந்ததும் பாஸ்டரம்மா கையை நிறுத்தாமல், தலையையும் நிமிர்த்தாமல், "முடிஞ்சிருச்சு போல," என்பாள். அந்தப் 'போல'வில்தான் சௌனியா விழுந்தாள்.

"அப்பியாப் பட்டணத்துல சொல்லி பெல்ட்டை வரவழைக்கிறேன்," என்றான் பெனி. "வெள்ளிக்கிழமைப் படகுல வந்துரும். சொல்லட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"பெல்ட்டுக்கா யோசனை?"

"போடா, உன் வேலையைப் பாரு."

பின்பக்கத் தகட்டைக்கூட மூடாமல், பழைய பெல்ட்டை மிஷின் மேல் வைத்துவிட்டுப் பெனி போய்விட்டான். சுவரில்லாத வீட்டில் எதுதான் மறையும்? பாயில் படுத்திருந்த லஃபாயேலே ஒரு கண்ணைத் திறந்தான்.

"பெல்ட்டுதானாமே?"

"நீ துவைக்கிறியா?"

"இல்ல."

"அப்ப மிஷினைப் பத்தி நீ பேசாத."

நாற்பது வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவன். கண்ணை மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மகள் வாயோலா ஆக்லாந்திலிருந்து போனில் முகம் காட்டினாள். காய்கறிக் கிடங்கில் இரவு வேலை அவளுக்கு. கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு நிழல் இருக்கும்.

"என்னம்மா, பின்னால மலை மாதிரித் துணி?"

சௌனியா போனைத் திருப்பி மிஷினைக் காட்டினாள். முதுகு திறந்து, குடல் தெரிய, மூடி மேல் பெல்ட் சுருண்டு கிடந்தது.

"ஐயையோ! செத்துப் போச்சா?"

'இல்லை' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. "ம்," என்றுதான் வெளியே வந்தது.

"பெனிகிட்டக் காட்டினியா?"

"வந்தான். பாத்தான். போனான்."

மூன்றும் உண்மைதான். ஒரு சொல்லைக்கூடக் குறை சொல்ல முடியாது.

"சரி விடும்மா. கையால துவைக்காத, உன் மணிக்கட்டு தாங்காது. நான் பாத்துக்கறேன்."

மணிக்கட்டைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்? நாம் யாரிடமும் சொல்லவில்லையே என்று சௌனியா அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். மாமன் சாவுக்குப் பணம் கேட்டுப் போன் செய்திருக்கிறாள், ஆலயத்துக் கூரைக்குச் செய்திருக்கிறாள், லஃபாயேலேயின் பல்லுக்குக்கூடச் செய்திருக்கிறாள். தனக்கென்று இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லைதானே, போனைத் திருப்பினோம், அவ்வளவுதானே என்று மனசு சமாதானம் சொல்லிப் பார்த்தது.

அந்த வாரமே பக்கத்து வீட்டுத் தோஃபி வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள். ஏழு பேரப்பிள்ளைகள், நாலு பன்றிகள், ஊரையே சிரிக்க வைக்கிற வாய்.

"அக்கா, அந்தப் பொணத்தை எப்ப அடக்கம் பண்ணப் போற?"

"எதை?"

"மிஷினைத்தான். எனக்குக் குடேன். தொட்டியில பன்னிக்குத் தீனி ஊற வைக்கிறேன்."

வாய்விட்டுக் கேட்டவளுக்கு இல்லை என்று சொல்கிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. தவிர, கண்ணெதிரே அது நின்றால் சௌனியாவுக்கும் சோறு இறங்கவில்லை. "எடுத்துட்டுப் போ," என்றாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்க மேடையிலேயே சொல்லிவிட்டார். "தன் வீட்டில் குறை இருக்கும்போதும் அயலாளுக்குக் கொடுத்த நம் சகோதரி சௌனியா" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. சௌனியா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு அடக்கம் பாரு" என்று பின் வரிசையில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

ஆறாவது வாரம் கப்பலில் புது மிஷின் வந்தது. வெள்ளை வெளேரென்று, மூடியில் கண்ணாடி. முதல் நாள் பாட்டுக் கேட்கப் பத்துப் பெண்கள் கூடினார்கள். பாட்டு வந்ததும் சௌனியா தலையை நிமிர்த்தாமல், "முடிஞ்சிருச்சு போல," என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஒரு பத்து நாள் நன்றாகவே இருந்தது.

பதினோராம் நாள் காலை, டக். டக். டடக்-கர்ர்.

கையிலிருந்த கோக்கோக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு சௌனியா ஓடினாள். தோஃபியின் பின்கட்டுக் கொட்டகையில் பழைய மிஷின் இல்லாத காலை இழுத்து இழுத்துத் தரையில் தட்டிக்கொண்டு பிழிந்துகொண்டிருந்தது. தோஃபி இடுப்பில் கை வைத்து, பிள்ளை பெற்றவள் போல நின்றிருந்தாள்.

"பாத்தியாக்கா! செத்தது எந்திரிச்சிருச்சு! வெறும் பெல்ட்டுதான். சைக்கிள் டியூபை வெட்டி முடிச்சுப் போட்டு மாட்டினேன், ஓடுது! நீ பெனிகிட்டக் காட்டவே இல்லியா?"

"காட்டினேனே."

"பாத்துமா அவனுக்குத் தெரியல? மடையன்!"

சௌனியா மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆமா. மடையன்தான்."

அந்த ஒரு சொல் சலேலோலோங்கா சந்தை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பெனியின் கடையைத் தாண்டும்போது சௌனியா தெருவின் மறு ஓரமாக நடக்கப் பழகினாள்.

அக்டோபர் பிறந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி ஆலயத்தில் வசனம் சொல்கிற ஞாயிறு நெருங்கியது. வாயோலா போனில் கூவினாள். "அம்மா! லீவு குடுத்துட்டாங்க! வியாழக்கிழமை வர்றேன்!"

மகள் மூன்று வருஷம் கழித்து வருகிறாள். பெற்றவளுக்கு முதலில் வந்த நினைப்பு, அந்தச் சத்தம். இந்த மகள் அந்த மிஷின் மேல் வளர்ந்தவள். கால் உடைந்த நாளிலிருந்து பிழியும்போது மிஷின் நகர்ந்து போகும். அது நகராமல் இருக்க மூடி மேல் உட்காருவது வாயோலாவின் வேலை. உட்கார்ந்து ஆடிக்கொண்டே பாடம் படிப்பாள். அந்தத் தட்டலைத் தூக்கத்தில் கேட்டாலும் பெயர் சொல்லிவிடுவாள்.

வியாழன் காலை சௌனியா தோஃபியிடம் போனாள்.

"தோஃபி, வாயோலா வர்றா."

"தெரியுமே! பன்னிக்குட்டி ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கேன் அவளுக்கு."

"ராத்திரி வேலை பாத்துப் பாத்து அவளுக்குத் தலைவலி. சின்னச் சத்தம்கூட ஆகாதுன்னுட்டாராம் டாக்டர். அவ இருக்கற வரைக்கும் அந்த மிஷினை..."

தோஃபியின் முகம் வாடிப்போயிற்று. "அடப் பாவமே, அந்தச் சின்ன வயசுலயா? போடல அக்கா." பிறகு தலையைச் சொறிந்தாள். "ஆனா ஏழு பிள்ளைங்களுக்கு வெள்ளைத் துணி இருக்கே. சனிக்கிழமை காலையில மட்டும் போட்டுக்கறேனே?"

"எங்க வீட்டுக்குக் கொண்டா. நான் போட்டுத் தர்றேன்."

"ஐயோ வேண்டாம். என் பேரனுங்க சட்டையில பன்னித் தொழுவமே இருக்கு. அந்தக் கண்ணாடி மிஷின்ல போட்டா அது பாடாது, அழும்."

சௌனியா யோசித்தாள். "சரி. சனிக்கிழமை மத்தியானம் அவளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். நாங்க பஸ் ஏறினதும் போடு. நாங்க வர்றதுக்குள்ள முடிச்சிரு."

"அவ தலைக்காக என்ன வேணாலும் பண்றேன் அக்கா," என்றாள் தோஃபி. போகிறபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாயோலா வந்தாள். கட்டிப்பிடித்தாள், அழுதாள், சுட்ட சீமைப்பலாவைத் தின்றாள், அப்பனின் தொப்பையைத் தட்டினாள். மறுநாள் காலை புது மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நேர்ல இப்பதாம்மா பாக்கறேன். கடையில படத்தைக் காட்டி, இது போதுமா, பாட்டுப் பாடுமான்னு கேட்டு வாங்கினேன்."

"பாட்டா? நீ கேட்டா வாங்கின?"

"பாஸ்டரம்மா வீட்டு மிஷின் பாடுதுன்னு நீதானே போன்ல ரெண்டு தடவை சொன்ன."

சௌனியா துணியை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். "உன் வீட்டுலயும் இதே மாதிரிதானா?"

"எனக்கா?" வாயோலா சிரித்தாள். "என்னோடது போன வருஷமே போயிருச்சும்மா. சரி பண்ண முடியாதுன்னுட்டான். ரெண்டு தெரு தள்ளி காசு போட்டாத் துவைக்கிற கடை இருக்கு, அங்கதான். வேலை முடிஞ்சு வர்ற வழியில பையைத் தூக்கிட்டுப் போவேன். உக்காந்துக்கிட்டே ஒரு தூக்கம் போட்டுருவேன்."

"புதுசு ஒண்ணு வாங்கிக்கலையா?"

"வாங்கத்தான் இருந்தேன். அப்பதானே நீ போனைத் திருப்பிக் காட்டின." சொல்லிவிட்டு மகள் கண்ணாடி மூடியைத் தட்டினாள். "எனக்குக் கை இருக்கு, கால் இருக்கு. உனக்கு மணிக்கட்டு இல்லியே."

பாயில் கிடந்த லஃபாயேலே திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் சொன்னபடியே மகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனாள் சௌனியா. ரிப்பன் வாங்கினார்கள், டின் இறைச்சி வாங்கினார்கள். தேவையில்லாத ஒரு வாளியும் வாங்கினாள், நேரம் போக வேண்டுமே. சந்தையில் விசிறி ஒன்றும் ஓடவில்லை.

"ரெண்டு மணிக்கே தீவு பூரா கரண்டு போச்சு," என்றான் கடைக்காரன்.

திரும்பி வந்தபோது அந்தி. கரண்டு இன்னும் வரவில்லை. தோஃபியின் கொடியில் பாதித் துணிதான் காய்ந்தது. மீதி எங்கே என்று சௌனியா எட்டிப் பார்ப்பதற்குள் சங்கு ஊதியது. குடும்ப ஜெபத்துக்கான சங்கு. அதற்கப்புறம் ஊரில் ஒருவர் தெருவில் நடக்கக் கூடாது, ஒரு வண்டி ஓடக் கூடாது, ஒரு குரல் உயரக் கூடாது. வீட்டை விட்டு இறங்கினாலே குற்றம். மறுபடி சங்கு ஊதும் வரை ஊர்க்காவல் ஆட்கள் தெரு ஓரத்தில் ஒரே வரிசையாக நிற்பார்கள்.

மூவரும் பாயில் உட்கார்ந்து பாடினார்கள். வீட்டுக்கு வீடு பாட்டு எழுந்து அடங்கியது. பிறகு மௌனம். லஃபாயேலே தலை குனிந்து, "எங்கள் பிதாவே," என்று ஆரம்பித்தான்.

தலைக்கு மேல் பல்ப் எரிந்தது.

டக். டக். டடக்-கர்ர்.

மத்தியானம் பாதியில் கரண்டு போனபோது தோஃபி சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறாள். குமிழ்தான் செத்து ஏழு வருஷமாயிற்றே. கரண்டு வந்தால் அது ஓடும். யாராவது அணைக்கும் வரை ஓடும். அணைக்கத் தோஃபி கொட்டகைக்குப் போக வேண்டும், போனால் காவல் ஆட்கள் பார்ப்பார்கள்.

டக். டக். டடக்-கர்ர்.

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அமைதியில் மிஷின் மட்டும் வாய் ஓயாமல் பேசியது. சௌனியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளேயே தெரிந்தது, எதிரே மகள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று.

லஃபாயேலே நல்ல ஜெபக்காரன் என்றாலும் நீளமாக ஜெபிக்கிறவன் இல்லை. பசி தாங்காதவன். அன்று அவன் பாஸ்டருக்காக ஜெபித்தான், பிரதம மந்திரிக்காக ஜெபித்தான். படகுக்காகவும் படகோட்டிக்காகவும், நியூசிலாந்தின் மன்னருக்காகவும், பாடசாலைக் கூரைக்காகவும், தோஃபியின் பன்றிகளுக்காகவும் ஜெபித்தான். பெண்டாட்டிக்கு எவ்வளவு நேரம் வாங்கித் தர முடியுமோ அவ்வளவும் வாங்கித் தந்தான். கடைசியில் அவனுக்கே ஆள் தீர்ந்துபோயிற்று.

"ஆமென்."

டடக்-கர்ர்.

"அம்மா," என்றாள் வாயோலா மெல்ல. "அது நம்ம மிஷின்."

சௌனியா பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு காலு. மூணாவது தட்டுக்கு அப்புறம் ஒரு இழுப்பு. அது செத்துப் போச்சுன்னு சொன்னியே?"

சங்கு ஊதியது. சத்தம் நின்றது. அடுத்த நொடி தோஃபி மிஷின் தண்ணீரில் இடுப்பு வரை நனைந்து, மூச்சிரைக்க வீட்டுக்குள் ஏறினாள். நேரே வாயோலாவிடம் போய் முழங்கால் போட்டுவிட்டாள்.

"மன்னிச்சிரும்மா! என் தங்கம்! வலிக்குதா? ரொம்ப வலிக்குதா?"

"என்ன சித்தி? எங்க வலிக்குது?"

"தலைதான். அம்மா சொன்னாளே, சத்தமே ஆகாதுன்னு. காலையிலேயே துவைச்சிருப்பேன், நீ இருக்கியேன்னு மத்தியானம் வரை வச்சிருந்தேன். பாழாப் போன கரண்டு! நானா வேணும்னு பண்ணல கண்ணு."

"எனக்குத் தலைவலியே இல்லையே சித்தி."

தோஃபி சௌனியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. பதில் வரும் என்று நம்பிக் காத்திருக்கிற முகம். சௌனியாவுக்கு அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று தோன்றியது.

அதற்குள் ஊர்க்காவல் சிமி படியில் வந்து நின்றான். வேட்டியை ஒழுங்கு செய்துகொண்டு தொண்டையைக் கனைத்தான்.

"ஜெப நேரத்துல மிஷின் ஓடியிருக்கு. திங்கட்கிழமை ஊர்ச் சபையில சொல்லணும். ஒரு பெட்டி டின் மீன் அபராதம். யாரோட மிஷின்?"

"என்—" என்று தோஃபி எழுந்தாள்.

"என்னோடது," என்றாள் சௌனியா.

"நீங்கதான் குடுத்துட்டீங்களே அக்கா? பாஸ்டர்கூடச் சொன்னாரே."

"குடுக்கல. தள்ளி விட்டேன்." ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "அது சாகல. பெல்ட்டுதான் போச்சு. பெனி சொன்னான், எனக்குத்தான் அது பிடிக்கல. செத்துப் போச்சுன்னு இவகிட்டச் சொல்லிப் புதுசு வாங்க வச்சேன். சத்தம் கேட்டா இவளுக்குத் தெரிஞ்சிருமேன்னு, தோஃபிகிட்டத் தலைவலின்னு பொய் சொன்னேன். காலையில துவைக்கறேன்னவளை மத்தியானம் துவைன்னதும் நான்தான். அபராதம் எனக்குத்தான்."

சிமி காதைச் சொறிந்தான். "இவ்வளவும் எனக்கு எதுக்கு அக்கா? ஒரு பேரு போதும்."

"சௌனியா."

"சரி." தப்பித்தோம் என்று அவன் இறங்கிப் போனான்.

தோஃபி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப பெனி மடையன் இல்லியா?"

"இல்ல."

"அடி கடவுளே! சந்தை பூரா சொல்லி வச்சிருக்கேனே! முந்தா நாள் அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னேனே!" எழுந்து ஈரப் பாவாடையைப் பிழிந்துவிட்டாள். வாசலில் திரும்பி, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா. நான் கையாலயே துவைச்சிருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் குறைபட்டுப் பேசிச் சௌனியா கேட்டது அன்றுதான்.

வாயோலா வீட்டுக்குப் பின்னால் புது மிஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். சௌனியா போய்ச் சற்றுத் தள்ளியே நின்றாள்.

"ஏம்மா?"

"பாட்டு," என்றாள் சௌனியா. சொன்னபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "பாஸ்டரம்மா வீட்டுல அது பாடும். அவ தலையைக்கூட நிமிர்த்த மாட்டா. எனக்கும் ஒண்ணு பாடணும்னு இருந்துச்சு."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"என்னன்னுடி கேக்கறது? கூரைக்குக் கேக்கலாம், சாவுக்குக் கேக்கலாம். பாட்டுக்கு எப்படிக் கேக்கறது?"

வாயோலா கண்ணாடி மூடியை விரலால் துடைத்தாள்.

"கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்." மகள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள், அப்பனைப் போல. "இல்லம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். முதல்ல எனக்கு ஒண்ணு வாங்கியிருப்பேன்."

"இதை நீ எடுத்துட்டுப் போயிரு."

"கப்பல்ல ஏத்தி, அங்க இறக்கி, நாலு மாடி தூக்கியா? பேசாம இரும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகச் சௌனியா ஞாயிறு முழுக்கக் காத்திருந்தாள். ஆலயத்தில் தோஃபியின் ஏழு பேரப்பிள்ளைகளும் கசங்கிய வெள்ளையில் வரிசையாக நின்று வசனம் சொன்னபோதும் காத்திருந்தாள். கல்லடுப்புச் சாப்பாட்டை வாழையிலையில் வைத்து மகளுக்கு நீட்டியபோதும் காத்திருந்தாள். "இறைச்சி நல்லா இருக்கும்மா," என்றாள் வாயோலா.

திங்கட்கிழமை டின் மீன் பெட்டியைச் சௌனியாவே தோளில் தூக்கிக்கொண்டு சபைக்குப் போனாள். லஃபாயேலே வாங்கிக்கொள்ள வந்தான், கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வாயோலாவுக்குப் படகு. காலையில் ஆளைக் காணோம். தேடிப் போனால், தோஃபியின் கொட்டகையில் பழைய ரப்பர்ச் செருப்பைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தாள். நாலு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி, மிஷினைத் தோஃபி சாய்த்துப் பிடிக்க, இல்லாத காலுக்கு அடியில் செருகினாள். பிறகு மூடி மேல் ஏறி உட்கார்ந்து, "போடு சித்தி," என்றாள்.

ஓடியது. தட்டவில்லை.

"செருப்புக் கால்!" என்றாள் தோஃபி. "என் புருஷன்கூட இவ்வளவு ஒழுங்கா நடந்ததில்ல."

வாயோலா சிரித்தாள். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்தவில்லை. அது சௌனியாவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மகளைப் படகேற்றிவிட்டு, சௌனியா தெருவின் மறு ஓரத்தை விட்டு நேரே பெனியின் கடைக்கு நடந்தாள். பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். "பெனி, நீ அன்னிக்குச் சொன்னது சரி. அது பெல்ட்டுதான். உன்னை மடையன்னு சொன்னது நான்தான். உன் பேரைக் கெடுத்தவளும் நான்தான்."

பெனி மோட்டார் ஒன்றைக் கீழே வைத்தான். பலகைக்கு அடியில் கை விட்டுத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். புத்தம் புதுப் பெல்ட்.

"இது எப்ப வந்துச்சு?"

"அந்த வெள்ளிக்கிழமைப் படகுலயே. யோசிச்சுச் சொல்றேன்னீங்களே அக்கா. நீங்க யோசிச்சு முடிப்பீங்கன்னு வச்சிருந்தேன்."

அதை வாங்கிக்கொண்டுபோய்த் தோஃபியிடம் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை. பக்கத்துக் கொட்டகையில் பழைய மிஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. சௌனியா தன் வெள்ளைகளைப் போட்டு மூடிவிட்டு, ஆக்லாந்துக்குப் போன் செய்தாள். வாயோலாவின் முகத்துக்குப் பின்னால் வரிசை வரிசையாக மிஷின்கள் சுழன்றன.

"கடையிலயா இருக்க?"

"ஆமாம்மா. இன்னும் இருபது நிமிஷம். தூங்கலாம்னு பாத்தேன்."

"தூங்கு. போனை மட்டும் வைக்காத. நான் இருக்கேன்."

போனை மிஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சௌனியா பக்கத்தில் நின்றாள். மகள் உண்மையாகவே கண்ணை மூடிவிட்டாள். அங்கே யாரோ காசு போடுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம். இங்கே பிழிந்து முடியப் போகிறது. பாட்டு வருவதற்குச் சற்று முன்னால் சௌனியா பொத்தானை அழுத்தி அணைத்தாள். மூன்று நாளாக அப்படித்தான் செய்கிறாள்.

"ஏன் பாட்டு வரல?" என்றாள் வாயோலா, கண்ணைத் திறக்காமல்.

'இன்னும் முடியலடி' என்பது நாக்கில் வந்து நின்றது. சௌனியா அதை விழுங்கினாள்.

"நான்தான் அணைச்சிட்டேன்."

"ஏன்?"

"நீ அங்க உக்காந்திருக்கறப்ப அதைக் கேக்க முடியல."

வாயோலா கண்ணைத் திறந்தாள்.

"அணைக்காதம்மா," என்றாள் மகள். "நான் பாட்டுக்கும் சேத்துத்தான் காசு குடுத்தேன். எனக்காவது கேக்கணும்."

சௌனியா மூடியைத் திறக்கவில்லை. பிழிந்து கிடந்த வெள்ளைகளையே மறுபடி பிழியச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். போனை ஒலி வரும் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, பாட்டு வரும் வரை நின்றாள்.